வேலப்பன்சாவடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள்

போன மாதம் ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தேடி வந்தார். நான் வேலை பார்த்த அதே பகுதியில் இப்போது போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறார். ஏதோ கூட்டத்தில் பேச வேண்டுமாம். சாலையில் விதி மீறுகிறவர்களைப் பிடிக்க போலீஸ் எதற்கு, கேமராவும் சீருடை போடாத ஆட்களும் போதாதா என்பது தலைப்பு. பழைய ஆள் ஒருவரின் கருத்தும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வந்திருக்கிறார். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லையே ஐயா" என்றார். இருந்தது என்றேன். அவர் நம்பவில்லை. எண்பத்து நாலு வயதுக்காரன் எதையோ குழப்புகிறான் என்று நினைத்திருப்பார்.

கேமரா இல்லைதான். ஒரு கடிகாரமும், இரண்டு வெள்ளைக் கோடுகளும், கையில் பட்டை கட்டிய சிவிலியன்களும் இருந்தார்கள். அவருக்கு நான் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்றும் இதில் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், லத்தி சுற்றினோம், பூட்ஸுக்கு பாலிஷ் போட்டோம். சாலையில் நின்று கை காட்டுவது எப்படி என்று ஒரே ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என்னை அம்பத்தூரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனியாகத் திறந்துகொண்டிருந்த சமயம். சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வரும். அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் மாட்டு வண்டி, நடுவில் நான். முதல் வாரம் முழுக்க யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அருளப்பன் ஐயாவின் கீழ் வந்த பிறகுதான். அவர் எங்கள் சப்-இன்ஸ்பெக்டர். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தியதே இல்லை. யாராவது புகார் சொல்ல வந்தால் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் கேட்க ஆரம்பிப்பார். நாங்கள் ஒரு கேஸ் எழுதிக்கொண்டு போனால் முதலில் படிக்க மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்றாய், எதைப் பார்த்தாய், எதைப் பார்க்கவில்லை. இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதியிருக்காவிட்டால் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வண்டி நம்பரைப் பார்த்தேன், டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். மோதிய சத்தம் கேட்டது, மோதியதைப் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். இப்படி எழுதினால் கோர்ட்டில் கேஸ் நிற்காதே என்று எங்களுக்கெல்லாம் எரிச்சலாக வரும். நிற்காவிட்டால் போகட்டும் என்பார்.

அந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பதும் எனக்குத் தெரியும். வேலப்பன்சாவடி முனையில் நான் காவலுக்கு நின்ற ஒரு காலையில், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கம்பெனி பிட்டர், லாரியில் அடிபட்டுச் செத்தார். நான் இருபது கஜ தூரத்தில் இருந்தேன். அச்சு முறிந்து ரோட்டில் நின்ற ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பியபோது புழுதிதான் இருந்தது. பச்சை லாரி என்றார் ஒருவர், சிவப்பு என்றார் இன்னொருவர். அந்த ரோட்டில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிற இரண்டு மூன்று வண்டிகள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதில் ஒன்றின் நம்பரை எழுதிவிடு, அவனாகத்தான் இருக்கும் என்றார் கூட இருந்த ஒரு கான்ஸ்டபிள். அருளப்பன் ஐயா என்னைக் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தக் கேஸ் கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை. செத்தவரின் மனைவி நான்கு முறை ஸ்டேஷனுக்கு வந்தார். ஐந்தாவது முறை வரவில்லை.

ஆகவே எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் புதிய திட்டம் வந்தபோது எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான். அப்போது ஏட்டாகியிருந்தேன்.

திட்டத்தைக் கொண்டுவந்தவர் மேலே இருந்த ஓர் அதிகாரி. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. கம்பெனிகள் தங்கள் ஆட்களில் சிலரைக் காலையில் இரண்டு மணி நேரம் தொண்டர்களாக அனுப்பும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் இருநூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு தூரக்கல் இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் நேராக ரோட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போடப்படும். லாரிக்கு அங்கே நாற்பது கிலோமீட்டர்தான் வேகம். நாற்பதில் போனால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் பதினெட்டு வினாடி ஆகும். பதினெட்டுக்குக் குறைந்தால் குற்றம். முதல் கோட்டில் ஒருவர் கொடியைக் கீழே இறக்குவார். இரண்டாவது கோட்டில் நிற்பவர் அதைப் பார்த்ததும் கடிகாரத்தை அழுத்துவார், சக்கரம் தன் கோட்டைத் தொட்டதும் மறுபடி அழுத்துவார். நம்பரும் நேரமும் வினாடியும் ஒரு சீட்டில் ஏறும். வண்டியை நிறுத்த வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. நோட்டீஸ் தபாலில் போகும்.

போலீஸ்காரன் களைத்துப்போவான், கோபப்படுவான், கை நீட்டுவான், கடிகாரம் இதில் எதையும் செய்யாது என்றார் அந்த அதிகாரி. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எங்களில் கை நீட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

சீட்டின் கீழே 'நேரில் கண்டவர்' என்று ஓர் இடம் இருந்தது. சட்டப்படி அங்கே போலீஸ் கையெழுத்து வேண்டும். அருளப்பன் ஐயா எழுந்து நின்று, ஏட்டு அந்த இடத்தில் இல்லாதபோது எதைக் கண்டதாக எழுதுவது என்று கேட்டார். "சீட்டைக் கண்டதா எழுதட்டும்" என்றார் அதிகாரி. பந்தலே சிரித்தது. ஐயா உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. முதல் நாள் நான் கையெழுத்துப் போட்ட சீட்டுக்கட்டை அவர் முன் வைத்தபோது சிவப்புப் பென்சிலை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டு மசிப் பேனாவால் சுருக்கக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

கடிகாரம் பிடிக்க வந்தவர் தணிகாசலம். சேக்காட்டுக்காரர். அவர் அப்பாவும் தாத்தாவும் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்கு அறுவடை செய்தவர்கள். இவர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, லேத் கற்று, அங்கிருந்து நேரம் அளக்கும் பிரிவுக்குப் போனவர். ஒரு வேலையைச் செய்ய ஒரு தொழிலாளிக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் நின்று கடிகாரத்தில் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. அதனால் கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்:

"கம்பெனில என்னெ பாத்தா கை மெதுவாப் பூடுது ஏட்டையா. இங்க என்னெ பாத்தா வண்டி மெதுவாப் பூடுது. நான் எங்க போனாலும் இதான்."

அவ்வளவு சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒரு முறை கம்பெனியின் பெரிய கடிகாரத்தோடு தன் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். கண்ணில் தூசி விழுந்ததால் சந்தேகம் வந்தது என்று சொல்லி எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த டிரைவர், தெரியாத டிரைவர் என்ற பேச்சே கிடையாது. தன் சொந்த மைத்துனன் ஓட்டி வந்த வண்டிக்கே சீட்டு எழுதினார்.

முதல் சில மாதங்களில் அந்த ரோடு அடங்கியது. இதை நான் மறைக்கக் கூடாது. காலையில் சைக்கிளில் போகிறவர்கள் ஓரமாக ஒதுங்கிப் பயந்து பயந்து போகாமல் நிமிர்ந்து போனார்கள். எனக்கும் வேலை குறைந்தது. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரும் சீட்டுகளில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்த வருடக் கடைசியில் பெரிய மழை. ரோட்டில் ஓர் இடத்தில் தண்ணீர் அறுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே குழாய் பதித்து, மண் கொட்டி, புதிதாகத் தார் போட்டார்கள். வேலை முடிந்ததும் அழிந்துபோன வெள்ளைக் கோட்டைக் கல்லுக்கு நேராக மறுபடி போட்டார்கள். தொண்டர்கள் பொங்கல் கழித்துத் திரும்ப வந்தார்கள்.

சீட்டுகள் ஏறத் தொடங்கின. முன்பு ஒரு நாளைக்கு ஏழெட்டு வந்த இடத்தில் முப்பது நாற்பது வந்தது. புது ரோடு வழுவழுப்பாக இருக்கிறது, அதான் மிதிக்கிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மேலே இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. டிரைவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. போலீஸ் என்றால் ஏதாவது எழுதத்தான் செய்வான் என்று பழகிப்போனவர்கள் அவர்கள். தொண்டரின் கைப்பட்டை கண்ணில் பட்டதும் பிரேக்கை மிதித்து ஊர்ந்து போகக் கற்றுக்கொண்டார்கள். தாண்டியதும் பறந்தார்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு முற்பகல். முனையில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தார் சுடும், செருப்பைப் போட்டுக்கொள் என்றேன். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். பெயர் கன்னியப்பன், திருமழிசை. பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு பவுண்டரியிலிருந்து இரும்பு வார்ப்புகளை அம்பத்தூருக்கு ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் படித்துச் சொல்லக் கேட்டார். அவர் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மூன்று முறை அதிவேகம் என்று சொன்னேன்.

"நானா?" என்றார்.

மூன்று நோட்டீசும் பவுண்டரி முதலாளியின் விலாசத்துக்குப் போயிருக்கிறது. அங்கே இருந்த கணக்குப்பிள்ளை அபராதத்தைக் கட்டிவிட்டு இவரிடம் சொல்லவே இல்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இதையும் நான்தான் அவருக்கு விளக்கினேன்.

"பதினாலு வருசமா ஓட்டறேன் ஏட்டையா. முப்பத்தஞ்சு முப்பத்தாறுக்கு மேல மிதிச்சதில்ல. இரும்பு ஏத்திகினு மிதிச்சா சங்கிலி அறுந்து பின்னால வரவன் மேல உழும். அதாலதான் தொண்டரைப் பாத்தாலும் நான் பிரேக்கு போடறதில்ல. மீட்டர் சரியாக் காட்டுது, நான் இன்னாத்துக்குப் பயப்படணும்?" பிறகு கேட்டார். "நீங்க பாத்தீங்களா?"

மூன்று சீட்டிலும் நேரில் கண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

"கெடியாரம் பார்த்துச்சு" என்றேன்.

"கெடியாரத்தாண்ட போயி நான் இன்னான்னு கேக்கறது?"

ஒரு தடவை தன்னோடு வண்டியில் ஏறி வரச் சொன்னார். முதலாளியிடம் சொல்லி வேறு ஆளை ஓட்டச் சொல்கிறேன், நீங்கள் மீட்டரை மட்டும் பாருங்கள் என்றார். எனக்கு டியூட்டி இருக்கிறது, மனு எழுதி மேலே அனுப்பு என்று சொல்லி, எதிரே வந்த பஸ்ஸுக்குக் கை காட்டத் திரும்பிவிட்டேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு போய்விட்டார்.

தணிகாசலத்திடம் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இளம் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். மறந்துபோனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொன்னால் அந்த மனிதர் சும்மா இருக்க மாட்டார், எதையாவது கிளறுவார் என்று தெரியும். பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. விட்டுவிட்டேன்.

ஜூன் மாதத்தில் அந்தப் பவுண்டரி லாரி முனையில் நின்றபோது புது டிரைவரிடம் கன்னியப்பனைப் பற்றி விசாரித்தேன். லைசென்ஸ் போனதும் முதலாளி அவரைப் பட்டறைக்குள் பாரம் ஏற்றும் வேலையில் போட்டாராம். இரண்டு வாரத்துக்கு முன் தூக்கிய வார்ப்பு ஒன்று சங்கிலியிலிருந்து நழுவி வலது கால்மேல் விழுந்ததாம். பெரிய ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்றார். இதைச் சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

அன்றைக்கே தணிகாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏப்ரல் மாதம் நடந்தது உட்பட. அவர் என்னைத் திட்டவில்லை. முப்பத்தஞ்சா முப்பத்தாறா, எது சொன்னார் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

அவர் முதலில் கடிகாரத்தைச் சோதித்திருக்கிறார். அது சரியாக இருந்தது. பிறகு கண்ணை டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அதுவும் சரி. மூன்றாவது நாள் காலையில் சைக்கிள் சக்கரத்தில் துணியைக் கட்டி, முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோடுவரை தள்ளிக்கொண்டே சுற்றுகளை எண்ணியிருக்கிறார். நேராக ஸ்டேஷனுக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"ஏட்டையா, நம்ம ரோடு சின்னதா கீது."

எனக்குப் புரியவில்லை. அருளப்பன் ஐயா உள்ளேயிருந்து வந்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அன்று மத்தியானமே அளவுச் சங்கிலி கொண்டுபோய் அளந்தோம். கடைக்காரர்கள் இருவரைச் சாட்சிக்கு நிறுத்தினார் ஐயா. சங்கிலியின் ஒரு முனையை அவரே பிடித்தார். வெயிலில் குனிந்து குனிந்து அளந்து, ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லி, என்னை எழுத வைத்தார். மறுபடி எதிர்ப் பக்கத்திலிருந்து அளந்தார். இரண்டு முறையும் ஒரே அளவு. நூற்று அறுபது மீட்டர்.

ரோடு போட்ட மேஸ்திரியைக் கண்டுபிடித்தோம். குழாய் பதித்த இடத்தில் கல் நின்றிருந்தது, பிடுங்கித்தான் வேலை செய்தோம், திரும்ப அங்கேயே நட்டால் ஈர மண்ணில் சாய்ந்தது, அதனால் இந்தப் பக்கம் மேட்டில் நட்டோம் என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தக் கல்லை வைத்து ஒருவரின் பிழைப்பைக் கணக்குப் போடுகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கோடு போட்டவர்கள் கல்லைப் பார்த்துப் போட்டார்கள். தணிகாசலம் கோட்டைப் பார்த்து அழுத்தினார். நான் சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தாறு கிலோமீட்டரில் வந்த வண்டி அந்தத் தூரத்தைப் பதினாறு வினாடியில் தாண்டியது. எங்கள் அட்டவணைப்படி அது நாற்பத்தைந்து.

சாயங்காலம் ஐயா அறிக்கை எழுத உட்கார்ந்தார். முதலில் பென்சிலில் எழுதுவார், பிறகு மசியில். என்னையும் ஒரு வாக்குமூலம் எழுதச் சொன்னார். கல் இடம் மாறியதை மட்டும் எழுதினால் போதாதா, கையெழுத்து விஷயம் எதற்கு என்று கேட்டேன். எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு பெண்குழந்தைகள்.

"எழுதலாம் வேலாயுதம். அப்போ கல்லு மட்டும்தான் குற்றவாளி. கல்லைக் கூண்டுல ஏத்தி விசாரிச்சுக்குவாங்க." பென்சிலைக் கீழே வைத்தார். "நான் அன்னிக்குப் பந்தல்ல உட்கார்ந்ததையும் எழுதப்போறேன். நீ உன்னோடதை எழுது."

எழுதினேன். பொங்கலுக்குப் பிறகு நான் கையெழுத்திட்ட எந்தச் சீட்டிலும் உள்ள எந்த வண்டியையும் நான் பார்க்கவில்லை என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலமும் நானும் திருமழிசைக்குப் போனோம். நான் சீருடையில் போகவில்லை. ஊருக்குள் பழைய தெருவில் ஓட்டு வீடு. கன்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் கட்டு பிரிக்கவில்லை. அவர் மனைவி பச்சையம்மாள் கதவோரம் நின்றார். தணிகாசலம்தான் சொன்னார். கல் நகர்ந்தது, தூரம் குறைந்தது, கணக்குப் போட்டால் நீங்கள் முப்பத்தாறில்தான் போயிருக்கிறீர்கள் என்று, கம்பெனியில் ரிப்போர்ட் கொடுப்பதுபோல நேராக நின்று சொன்னார்.

கன்னியப்பன் எங்களைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"கேட்டுகினியா? நான் வேகமாப் போகல."

பச்சையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுகினியா இல்லியா? மூணு காயிதம் வந்துச்சே, சர்க்காரு பொய்யா எழுதுவான்னு கேட்டியே. நான் போகல."

கால் போனதைவிட அதுதான் அந்த வீட்டில் பெரிதாக இருந்திருக்கிறது. தெருவே அவரைத் திமிர் பிடித்து வண்டி ஓட்டி லைசென்ஸைத் தொலைத்தவன் என்று பேசியிருக்கிறது. மனைவியும் அதை நம்பியிருக்கிறார். பச்சையம்மாள் அழுதுகொண்டே உள்ளே போனார். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தார். என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சித்திரை மாசமே உங்களாண்ட வந்து சொல்லிச்சாமே இது?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். இன்றைக்கும் எனக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மேலே அறிக்கை போனது. தொண்டர் திட்டம் எந்த அறிவிப்பும் இல்லாமல் நின்றுபோனது. ஒருநாள் கொடி வந்தது, மறுநாள் வரவில்லை, அவ்வளவுதான். கட்டி முடித்த அபராதங்களைத் திரும்ப எடுக்க முடியாது, பாதிக்கப்பட்டவர் தானே அப்பீல் செய்து நிரூபிக்கட்டும் என்று பதில் வந்தது. அளந்த கணக்கு ஸ்டேஷன் பீரோவில் இருக்கும்போது ஒரு லாரி டிரைவர் எதை வைத்து நிரூபிப்பார்? அருளப்பன் ஐயா அறிக்கையின் நகலைத் தன் கையால் எழுதி, திருமழிசைக்குப் போய்க் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டு வந்தார். அது விதிப்படி குற்றம். தெரிந்துதான் செய்தார். அவரைத் தெற்கே ஒரு மலையடிவார ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்று அங்கேயே காலமானார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என் ஏட்டுப் பட்டையைப் பறித்தார்கள். இரண்டு வருடம் மறுபடி கான்ஸ்டபிளாக அம்பத்தூரில் சைக்கிள்களுக்கு நடுவே நின்றேன். எனக்குக் கீழே இருந்தவர்கள் எனக்கு டியூட்டி போட்டார்கள். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தணிகாசலத்துக்கு யாரும் தண்டனை தரவில்லை. ஆனால் விஷயம் கம்பெனிக்குள் பரவிவிட்டது. நீ எங்களுக்கு அளந்தாயே, அதில் எந்தக் கல் நகர்ந்திருந்தது என்று ஒரு தொழிலாளி எல்லோர் முன்னும் கேட்டாராம். தணிகாசலம் தன்னை லேத்துக்கே திருப்பி அனுப்பும்படி எழுதிக் கொடுத்தார். அனுப்பினார்கள். இப்போது கேன்டீனில் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று ஒரு முறை சொன்னார். அதில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

அப்பீல் ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. நானும் தணிகாசலமும் சாட்சி சொன்னோம். உத்தரவு ரத்தானது. லைசென்ஸ் புத்தகத்தைக் கன்னியப்பன் கையில் கொடுத்தார்கள். ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு வாங்கி, உள்ளே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். கரும்புள்ளி எதுவும் இல்லை.

இளம் சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் கேமரா வேண்டாம் என்கிறீர்களா ஐயா என்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வேலப்பன்சாவடியில் செத்த பிட்டரின் மனைவியிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு அந்த முனையில் ஒரு கேமரா இருந்திருந்தால் அந்த லாரி தப்பியிருக்காது. அவர் குறிப்பு எழுதிக்கொண்டார். கன்னியப்பன் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். கொஞ்சம் சொன்னேன்.

அடுத்த வருடம் அந்த லைசென்ஸ் காலாவதியாகும் நாள் வந்தது. கன்னியப்பன் என்னைத் தேடி அம்பத்தூருக்கு வந்தார். புதுப்பிக்கும் பாரத்தைப் பூர்த்தி செய்து தரக் கேட்டார். காலைக் காட்டினால் கொடுக்க மாட்டார்கள், வீணாக அலைய வேண்டாம் என்றேன். எழுதுங்கள் என்றார். எழுதினேன். லீவு போட்டு நானும் கூடப் போனேன்.

லைசென்ஸ் ஆபீசில் நீண்ட வரிசை. உட்கார இடம் தருகிறேன் என்று ஒருவர் எழுந்தார், இவர் வேண்டாம் என்று நின்றபடியே நகர்ந்தார். எங்கள் முறை வந்தபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பாரத்தைப் பார்த்தார், கீழே எட்டிப் பார்த்தார். வயதானவர், நல்ல மனிதர். வண்டி ஓட்ட உடல் தகுதி வேண்டும், இது முடியாதே அப்பா, தபாலில் அனுப்பியிருந்தால் நாங்களே பதில் போட்டிருப்போமே, இந்த நிலையில் எதற்காக வந்தாய் என்றார்.

"தெரியும் சார். உங்க வாயால கேட்டுகினு போலாம்னுதான் வந்தேன்."

குமாஸ்தா ஜன்னலைவிட்டு எழுந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தார். கன்னியப்பனுக்கு எதிரே நின்று, லைசென்ஸ் ஏன் கொடுக்க முடியாது என்பதைத் தமிழில் மெதுவாகச் சொன்னார். தன் பெயரையும் சொன்னார். கன்னியப்பன் கடைசிவரை கேட்டார். சரி சார் என்றார். பிறகு நாங்கள் இருவரும் பூந்தமல்லி பஸ்ஸுக்கு நடந்தோம்.